உப்பு போன வழி: சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஏழாம் வகுப்பில் இடைக்கால இந்திய வரலாற்று ஆதாரங்களை நடத்தும்போது கல்வெட்டு, செப்பேடு, நாணயம் எல்லாவற்றையும் தாண்டி வெளிநாட்டுப் பயணிகளிடம் வந்து சேர்வோம். மார்க்கோ போலோ, அல்பெரூனி, இபன் பதூதா. யார் எந்த ஊர்க்காரர், யாருடைய ஆட்சியில் வந்தார், என்ன எழுதினார் என்று கரும்பலகையில் கட்டம் போடுவோம். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பொருத்துக பகுதியில் ஒரு மதிப்பெண் கிடைத்துவிடும். மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

அந்தக் கட்டத்தில் பயணி இருக்கிறார், பாதை இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. பாதை இல்லாமல் பயணியை மட்டும் சொன்னால், துணிச்சலான ஓர் ஆள் யாருமே போகாத இடத்துக்குத் தன்னந்தனியாகப் போய் உலகத்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். அது உண்மையில்லை. இந்தப் பயணிகளில் யாரும் புதுப்பாதை போட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடத்தில், அவர்களுடைய ஒட்டகங்களோடு, அவர்கள் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டியின் பின்னால் நடந்தவர்கள். பார்த்ததைச் சொல்லி வைத்தார்கள் என்பதுதான் அவர்களுடைய பெருமை. அந்தப் பெருமையே போதும்.

என் வேண்டுகோள் சிறியது. ஒரு பயணியின் முழு வாழ்க்கையையும் நடத்த வேண்டாம். அவர் நடந்த பாதையில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, அதை இரண்டு பீரியடுக்கு நடத்துங்கள். நான் எடுத்துக்கொள்வது சகாராப் பாலைவனத்து உப்புப் பாதை. தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளி எங்களுடையது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் உப்பளத்துக்குப் போகிறவர். உப்பு என்று சொன்னால் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

1325இல் தாஞ்சியர் நகரத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இபன் பதூதாவுக்கு அப்போது வயது 21. மெக்காவோடு நிற்காமல் டெல்லி, மாலத்தீவு, மதுரை என்று போய், சீனாவுக்கும் போனதாகச் சொல்லி, ஊர் திரும்பக் கால் நூற்றாண்டு ஆனது. இவ்வளவும் பாடநூலில் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடும். அவருடைய கடைசிப் பெரும்பயணத்தை நாம் சொல்வதே இல்லை. 1352 தொடக்கத்தில் இன்றைய மொராக்கோவின் தென்கிழக்கில் உள்ள சிஜில்மாசாவிலிருந்து ஒரு வணிகக் கூட்டத்தோடு தெற்கே சகாராவுக்குள் இறங்கினார். மாலிப் பேரரசுக்குப் போகும் வழி அது.

சிஜில்மாசாவில் ஒட்டகங்களை வாங்கியதையும், அவற்றுக்கு நான்கு மாதத் தீவனம் வாங்கியதையும் அவர் சொல்கிறார். இதைச் சொன்னதும் வகுப்பில் மாடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்வான், பாருங்கள். பயணம் என்றால் முதலில் தீவனக் கணக்கு என்பது அவனுக்குத்தான் சட்டென்று பிடிபடும். அந்த ஊரில் அவர் தங்கிய வீடும் கவனிக்க வேண்டியது. அந்த வீட்டுக்காரரின் சகோதரரைத் தான் சீனாவில் சந்தித்ததாக இபன் பதூதா சொல்கிறார். அண்ணன் தம்பியில் ஒருவர் சகாராவின் விளிம்பில், இன்னொருவர் சீனத்தில். உலகப்படத்தில் இரண்டு இடத்தையும் ஒரு பிள்ளையை விட்டுத் தொடச் சொல்லுங்கள். இரண்டு கையையும் அகல விரித்தாக வேண்டும்.

25 நாள் நடந்து தகாஸாவுக்கு வருகிறார்கள். இன்றைய மாலி நாட்டின் வடகோடியில் உள்ள இடம். மரம் கிடையாது, மணல்தான். மண்ணைத் தோண்டினால் உப்பு, பாளம் பாளமாக, செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் கிடக்கும். அங்கே வீட்டுக்குச் சுவரும் உப்புப் பாளம்தான், பள்ளிவாசலுக்குச் சுவரும் உப்புப் பாளம்தான். கூரை ஒட்டகத் தோல். ஓர் ஒட்டகம் இரண்டு பாளம் சுமக்கும்.

இதை நடத்தியபோது என் வகுப்பில் வந்த முதல் கேள்வி: "டீச்சர், மழை பேஞ்சா வீடு கரைஞ்சிராதா?" ஐப்பசி மழை விழுந்தால் உப்பெடுப்பு நின்று, அடுத்த ஆண்டு பாத்தி கட்டும் வரை கையில் காசில்லாமல் கிடக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளை கேட்ட கேள்வி அது. அந்த ஒரு கேள்வியில் புவியியல் பாடம் முழுவதும் வந்துவிட்டது. சகாராவின் நடுவே மழை என்பது அபூர்வம், அதனால் உப்புச்சுவர் நிற்கிறது. மழை இல்லாததால் பயிர் இல்லை, அதனால் தின்பதற்கு எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும். தகாஸாவில் இருந்தவர்களுக்குப் பேரீச்சம்பழம் வடக்கே சிஜில்மாசா பக்கத்திலிருந்து வந்தது, தினை வகைத் தானியம் தெற்கே கறுப்பின மக்களின் நாட்டிலிருந்து வந்தது, நடுவில் ஒட்டக இறைச்சி. ஓர் ஒட்டகக் கூட்டம் வராமல் போனால் ஊரே பட்டினி.

இரண்டாவது கேள்வி இன்னொரு பெண்ணுடையது. தோண்டுகிறவர்களுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டாள். கூலி இல்லை. மஸ்ஸூஃபா என்ற இனக்குழுவின் அடிமைகள்தான் அங்கே உப்பு வெட்டினார்கள், அவர்களைத் தவிர யாரும் அங்கே குடியிருக்கவில்லை என்று இபன் பதூதா தெளிவாகச் சொல்கிறார். இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம் நண்பர்களே. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது தாங்காது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அம்மாவின் காலில் உப்புத்தண்ணீர் அரித்த புண்ணைத் தினமும் பார்க்கும் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அடுத்த ஆண்டு திரும்பும்போது தக்கெத்தா என்ற செம்புச் சுரங்க ஊரிலிருந்து அவர் சேர்ந்து வந்த கூட்டத்தில் சுமார் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். உப்பும் தங்கமும் செம்பும் போன பாதையில் மனிதர்களும் விற்பனைக்குப் போனார்கள். வணிகப் பாதை என்றாலே பண்பாட்டுப் பரிமாற்றம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோமே, அந்த வரியோடு இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தகாஸாவுக்குத் தெற்கே பத்து நாளைக்குத் தண்ணீர் கிடையாது. உப்புக் கரிக்கும் தண்ணீரையே தோல்பைகளில் நிரப்பிக்கொண்டு புறப்படுகிறார்கள். முதலில் சிலர் கூட்டத்துக்கு முன்னால் போய், மேய்ச்சல் கண்ட இடத்தில் கால்நடைகளை மேயவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு இபன் ஸீரி என்ற ஒருவர் உறவினரோடு சண்டை போட்டுக்கொண்டு பின்தங்கி, பாலையில் காணாமல் போனார். அதற்குப் பிறகு தான் முன்னாலும் போகவில்லை, பின்தங்கவும் இல்லை என்கிறார் இபன் பதூதா.

இனி வருவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். இந்த நீண்ட வறண்ட தூரத்தில் ஒரு கட்டத்தில் கூட்டம் நின்று, ஒரு மஸ்ஸூஃபா ஆளைத் தனியாக முன்னால் அனுப்பும். இந்த வேலைக்குப் போகிறவரைத் தக்ஷீஃப் என்பார்கள். இன்றைய மொரிட்டானியாவின் தென்கிழக்கில் உள்ள வலாட்டா நகரத்துக்குக் கடிதங்களோடு அவர் போக வேண்டும். கடிதம் கிடைத்தால் அங்குள்ளவர்கள் நான்கு நாள் தூரம் எதிரே தண்ணீரோடு வந்து கூட்டத்தைச் சந்திப்பார்கள். அவர் வழியில் செத்துவிட்டால் வலாட்டாவில் யாருக்கும் செய்தி தெரியாது. கூட்டம் முழுவதுமோ பெரும்பகுதியோ தாகத்தில் சாகும். அந்த முறை தக்ஷீஃபுக்குப் பேசிய கூலி 100 மித்கால் பொன். ஒரு மித்கால் என்பது ஏறத்தாழ நாலேகால் கிராம். கணக்குப் போட வையுங்கள். அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான தங்கம் வரும். இத்தனை பேரின் உயிரை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது கூலி எப்படித் தீர்மானமாகும் என்று கேளுங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு வாதம் நடக்கும்.

கூட்டத்துக்கு வழிகாட்டியவரைப் பற்றி இபன் பதூதா சொல்லும் ஒரு தகவல் இன்னும் வியப்பானது. அவருக்கு ஒரு கண் தெரியாது, மறுகண்ணும் நோய்ப்பட்டது. ஆனால் வழியை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கூட்டத்தின் தலைவர் பெயரை இபன் பதூதா சொல்கிறார், காணாமல் போனவர் பெயரைச் சொல்கிறார், இந்தக் கண்தெரியாத வழிகாட்டியின் பெயரைச் சொல்லவில்லை. தக்ஷீஃபின் பெயரையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு நம்மிடம் விடை கிடையாது. ஆனால் யாருடைய பெயர் ஆவணத்தில் ஏறுகிறது, யாருடைய உழைப்பு பெயரில்லாமல் நிற்கிறது என்று ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை யோசிக்கத் தொடங்கினால், ஆதாரங்கள் பாடத்தை நாம் உண்மையிலேயே நடத்திவிட்டோம் என்று அர்த்தம். கோயில் கட்டிய அரசன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, கல் சுமந்தவர் பெயர் எங்கே என்ற கேள்வி அடுத்த பாடத்தில் தானாக வரும்.

இப்போது விலைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தகாஸாவில் தோண்டிய உப்பு ஓர் ஒட்டகச் சுமை வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால் வரை விற்றது. அங்கிருந்து விரைந்து நடப்பவருக்கு 24 நாள் தூரத்தில் இருந்த மாலித் தலைநகரில் அதே சுமை 20 முதல் 30 வரை, சில சமயம் 40 மித்காலுக்கும் போனது. இந்த எண்களை இபன் பதூதாவே தந்திருக்கிறார். உப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் காசுபோலக் கொடுத்து வாங்கவும் செய்தார்கள். பத்து எப்படி முப்பது ஆனது? நடுவில் யார் யார் கையில் காசு போயிருக்கும்? ஒட்டகக்காரர், தீவனம், வழிகாட்டி, சுங்கம் வாங்கும் அதிகாரி, செத்துப்போன ஒட்டகத்தின் நட்டம் என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். தன் ஊர் உப்பு அளத்தில் என்ன விலை, கடையில் ஒரு பாக்கெட் என்ன விலை என்று ஒருவன் கேட்டுக்கொண்டு வருவான். கணக்கு ஆசிரியரையும் வகுப்புக்குக் கூப்பிடலாம்.

உப்புக்கு எதிர்த்திசையில் வந்தது தங்கம். நைஜர், செனகல் ஆறுகளின் மேற்பகுதியில் கிடைத்த தங்கம் சகாராவைக் கடந்து மத்தியதரைக்கடல் நாணயச்சாலைகளுக்குப் போனது. 1324இல் மாலியின் அரசர் மன்சா மூசா ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தால் அந்த ஊரில் தங்கத்தின் விலையே சரிந்தது. மித்கால் 25 திர்ஹமுக்குக் குறையாமல் விற்றது 22க்கும் கீழே இறங்கி, 12 ஆண்டு கழித்தும் ஏறவில்லை என்று அரபு எழுத்தாளர் அல்-உமரி எழுதியிருக்கிறார். 1375ஆம் ஆண்டைச் சேர்ந்த கத்தலான் வரைபடத்தில் மூசா அரியணையில் உட்கார்ந்து கையில் தங்கக்கட்டியை ஏந்திக்கொண்டிருப்பார், எதிரே முகத்தை மூடிய ஒருவர் ஒட்டகத்தில் வருவார். அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். ஆப்பிரிக்கா என்றால் காடும் பஞ்சமும் என்று தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு படம் நூறு வாக்கியத்துக்குச் சமம். நம் பாடத்திட்டத்தில் இடைக்கால ஆப்பிரிக்காவுக்கு இவ்வளவு குறைவாக இடம் இருப்பது எனக்கு நீண்ட நாள் மனக்குறை.

சாட்சியையும் சோதிக்கச் சொல்லித்தர வேண்டும். மாலியின் அப்போதைய அரசர் மன்சா சுலைமான் விருந்தினருக்கான அன்பளிப்பு அனுப்பியிருக்கிறார் என்று கேட்டதும், பட்டாடையும் பணமும் வரும் என்று இபன் பதூதா எழுந்து நின்றார். வந்தது மூன்று ரொட்டி, ஒரு துண்டு மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவை தயிர். அவர் சிரித்துவிட்டார். அதே ஆள், அந்த நாட்டில் வழிப்போக்கருக்குக் கள்ளர் பயமில்லை, அநியாயம் குறைவு என்று மனதாரப் பாராட்டவும் செய்கிறார். ஒரு மனிதருக்குள் ஏளனமும் நேர்மையும் சேர்ந்திருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். ஊர் திரும்பிய பிறகு மொராக்கோ சுல்தானின் கட்டளைப்படி அவர் வாயால் சொல்ல, இபன் ஜுஸய் என்ற எழுத்தர் 1355இல் நூலை முடித்தார். மெக்கா, டமாஸ்கஸ் பகுதிகளில் முந்தைய பயணி இபன் ஜுபைரின் நூலிலிருந்து எடுத்த இடங்கள் உண்டு. சீனப் பகுதியை ஆய்வாளர்கள் சிலர் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். மார்க்கோ போலோவும் தன் கையால் எழுதவில்லை. ஜெனோவாச் சிறையில் 1298இல் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் ரஸ்டிசெல்லோ என்ற கதாசிரியர். இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் வரலாற்றையே நம்பாமல் போய்விடுவார்கள் என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் கவலைப்பட்டார். எனக்கு அந்தப் பயம் இல்லை. எதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, கைப்பேசியில் வரும் செய்தியிடமும் அதே கேள்வியைக் கேட்கும்.

நேரமிருந்தால் இன்னொன்றையும் செய்யலாம். மார்க்கோ போலோ சீனத்தில் இருந்த அதே ஆண்டுகளில், இன்றைய பெய்ஜிங்கில் பிறந்த ரப்பான் பார் சௌமா என்ற கிறித்தவத் துறவி எதிர்த்திசையில் நடந்தார். பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னர் அர்கூனின் தூதராக 1287இல் கான்ஸ்டாண்டிநோபிள், ரோம், பாரிஸ் போனார். பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப்பையும் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டையும் நேரில் பார்த்தார். மார்க்கோ போலோ குடும்பம் நாடு திரும்பும்போது ஓர் இளவரசியை மணப்பெண்ணாக அழைத்துப்போனார்களே, அந்த மணமகன் இதே அர்கூன்தான். பெண் போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டார். தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் துறைமுகத்தையும் அங்கே அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதையும் மார்க்கோ போலோ சொல்வது இந்தத் திரும்பும் பயணத்தை ஒட்டித்தான். எங்கள் பிள்ளைகளுக்கு இது பக்கத்து ஊர்க்கதை. ஐரோப்பியர் கிழக்கைக் கண்டுபிடித்தார் என்று ஒரு பக்கமாகவே சொல்லிப் பழகிய வகுப்பில் பார் சௌமாவின் பெயரை எழுதிப் போட்டாலே பாதையின் இரண்டு முனையும் தெரிந்துவிடும்.

பாடத்திட்டம் முடிக்க வேண்டும், இரண்டு பீரியட் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். தேர்தல் வேலை, பதிவேடு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் எல்லாம் போக நமக்கு மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று எனக்கும் தெரியும். ஆனால் பயணிகள் அட்டவணையைப் பிள்ளைகளே வீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். பாடநூலைத் திறந்தால் இருக்கிற விவரம் அது. அதைக் கரும்பலகையில் எழுதும் நேரத்தை உப்புப் பாதைக்குக் கொடுத்துவிடலாம். கடலோரப் பள்ளி இல்லையென்றால் உப்புக்குப் பதில் வேறு சரக்கை எடுங்கள். காஞ்சிபுரத்து ஆசிரியர்கள் பட்டு எடுக்கலாம், அதோடு யுவான் சுவாங்கையும் எடுக்கலாம். 629 வாக்கில் சீனத் தலைநகரிலிருந்து புறப்பட்ட அவர், கோபிப் பாலையில் தண்ணீர்ப்பை கைநழுவிக் கொட்டிப்போய், நாலைந்து நாள் ஒரு சொட்டு இல்லாமல் கிடந்து பிழைத்து, பல ஆண்டு கழித்துக் காஞ்சி வரை வந்தவர். அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கடைசியாக, வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கேட்பதைத்தான் நாங்கள் நடத்துவோம். இந்த ஆண்டுக் காலாண்டுத் தேர்வில் பயணிகளைப் பொருத்துக பகுதியிலிருந்து எடுத்துவிட்டு, ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு வினா வையுங்கள்: "வலாட்டாவில் ஓர் ஒட்டகச் சுமை உப்பு 10 மித்கால். 24 நாள் நடைக்குப் பிறகு மாலியில் 30 மித்கால். இந்த 20 மித்கால் யார் யாருக்குப் போயிருக்கும்? யாருக்கு ஒன்றுமே போயிருக்காது? காரணத்தோடு எழுதுக." விடைக்குறிப்பில் ஒரே விடையைக் கொடுக்காதீர்கள். காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் என்று மட்டும் எழுதுங்கள். திருத்தும் சிரமத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சமூக அறிவியல் ஆசிரியை